மார்கழியில் எழுதிய மருமகன்

யோக்கியமாக வாழ்ந்த காலம் ஒன்று எங்கள் குடும்பத்துக்கும் இருந்தது. அப்போது எங்களிடம் ஒன்றும் இல்லை. அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து நெய்வேலிச் சுரங்கத்துக்கு மெக்கானிக்காக வந்தவர். ஒரு கூடம், ஓர் அறை, பின்பக்கம் குழாயடி. இதுதான் குவார்ட்டர்ஸ். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் வரிசையில் இருந்த எட்டு வீடுகளிலும் இதே நிலைமைதான். மதுரைக்காரர், கோயம்புத்தூர்க்காரர், சேலத்துக்காரர் என்று ஆளுக்கொரு ஜில்லா. யார் வீட்டிலும் நாற்காலி கிடையாது. வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள்.

அந்த நாளில் வரிசைக் கடைசி வீட்டுக்காரர் சுரங்கத்திலிருந்து டிபன் கேரியரின் அடித்தட்டில் செம்புக்கம்பியைச் சுருட்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். விஷயம் வெளியே வந்ததும் அப்பா ஷிப்ட் முடிந்து வந்த சட்டையோடு அவர் வாசலில் போய் நின்றார். "எடுத்த இடத்துல கொண்டு வச்சிட்டு வாரும். இல்லன்னா இந்த வரிசையில ஒரு வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது" என்றார். மறுநாள் கம்பி திரும்பிப் போனது. அந்த வீட்டு அம்மாள் ஒரு மாதம் தலைகுனிந்துகொண்டுதான் குழாயடிக்கு வந்தாள். எனக்கு அப்போது பதினாலு வயது. அப்பாவைப் பார்த்துப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

பத்து வருஷத்தில் எல்லாம் மாறிப்போனது. சம்பளம் ஏறியது, போனஸ் வந்தது, நாற்காலி வந்தது, பிரிட்ஜ் வந்தது. செம்புக்கம்பிக்காரர் வேலையை விட்டுக் கான்ட்ராக்ட் எடுத்து, வடலூரில் மாடி வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு அப்பா போனார். முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து, "திறமைசாலி வே அந்த மனுஷன்" என்று வெற்றிலையை மடித்தார். கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அப்போது என் கவலை.

என் கவலை பெர்மனெண்ட் வேலை. ஐ.டி.ஐ.யில் பிட்டர் முடித்துவிட்டு மூன்று வருஷமாக ஒரு கான்ட்ராக்டரிடம் பைப் மாட்டும் வேலை செய்துகொண்டிருந்தேன். டவுன்ஷிப்பில் மனிதர்கள் இரண்டே சாதி. பெர்மனெண்ட், கான்ட்ராக்ட். பெர்மனெண்ட்காரன் குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடந்தாலும் தூக்கிவிட நாலு பேர் ஓடுவார்கள், "சார், பாத்து சார்" என்பார்கள். கான்ட்ராக்ட்காரன் கோயிலில் விழுந்து கும்பிட்டாலும், எதையோ திருட வந்திருக்கிறான் என்கிற மாதிரி பார்ப்பார்கள். எனக்குப் பெண் கொடுக்க ஒருவரும் வரவில்லை. அம்மா ஜாதகத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருந்தாள்.

அப்போதுதான் அவர் வந்தார். கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரர். சுரங்க விரிவாக்கத்துக்கு எடுத்த நிலத்தில் அவருடைய இரண்டு காணி நன்செயும் போயிருந்தது. அவர் வயலை ஒட்டித்தான் நாங்கள் பைப் போட்டுக்கொண்டிருந்தோம். மத்தியானத்தில் எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுப்பார். தன் நிலத்தைத் தோண்ட வந்த கூட்டத்துக்கு மோர் கொடுத்த ஆளை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. "நீங்க என்னா பண்ணுவீங்க தம்பி, வேலக்கி வந்தவங்க" என்பார்.

நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. ஒரே மகள். அந்த ஒரு வேலையை விலைபேச டவுன்ஷிப்பிலிருந்தும் வெளியூரிலிருந்தும் ஆட்கள் அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தார்கள். அவர் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார். ஒருநாள் எங்கள் குவார்ட்டர்ஸுக்குச் சைக்கிளில் ஒரு பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு வந்து அப்பாவிடம் நேராகவே பேசினார்.

"நெலத்துக்குப் பதிலா வேல குடுக்கறாங்க. அந்த வேலய நான் விக்க மாட்டங்க. எம் பொண்ணுக்கு வர்ற மாப்ளைக்கித்தான் அது. ஒங்க புள்ள படிச்சிருக்குது. தண்ணி, பீடி ஒண்ணும் இல்ல. பாத்துகினுதான் இருக்கேன்."

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சாதி விசாரித்தார்கள். ஒன்றுதான். கிளை, அதாவது உட்பிரிவு, வேறு. "கிளை என்ன கிளை, மனசுதான் முக்கியம்" என்றாள் அம்மா. எங்கள் ஊரில் கிளை பார்த்துப் பார்த்துச் சொந்தத் தம்பியின் கல்யாணத்தையே நிறுத்தியவள் அவள்.

கார்த்திகை கடைசியில் அவர்கள் ஊரில் வெற்றிலை மாற்றிக்கொண்டோம். பெண் எட்டாவது வரை படித்தவள். நிமிர்ந்து பார்த்தாள். கூரைவீடுதான். ஆனால் சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து நாங்கள் சாப்பிட்ட சாப்பாட்டை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. தை பிறந்ததும் கல்யாணம் என்று பேச்சு. அதுவரை நான் அவரை "மாமா" என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன்.

மார்கழி நடுவில் பட்டியலுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் வந்துவிட்டது. பொங்கலுக்குப் பிறகு கொடுத்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மகன், மகளின் கணவன் என்று உறவு இருந்தால்தான் எழுத முடியும். கல்யாணமோ ஆகவில்லை. ஏதாவது ஒரு கோயிலில் வைத்து மஞ்சள் கயிற்றைக் கட்டிவிடலாம், விருந்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

"மார்கழியில தாலியா? குடும்பம் வெளங்குமா?" என்றாள். "பேப்பர்ல எழுதுறதுக்கு மாசம் உண்டா? அத எழுதிக் குடுங்க. தாலிய தையில கட்டிக்கிடலாம்."

அவருக்கும் மார்கழியில் தாலி கட்ட மனமில்லை. வெற்றிலை மாற்றியாகிவிட்டது, வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அவர் கணக்கில் நான் ஏற்கெனவே மருமகன்தான். அதனால் எழுதினார். என் மகளை மணந்த மருமகன் என்று என் பெயரை எழுதினார். கிராமத்து அதிகாரியிடம் அவரே போய், கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்லிச் சான்று வாங்கினார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத மனிதர். சொல்லிவிட்டு வந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். சாட்சிக் கையெழுத்து என் அப்பா போட்டார். செம்புக்கம்பிக்காரர் வாசலில் போய் நின்ற அதே அப்பா.

பெண்ணும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவள் பேனாவை வாங்கி, தன் பெயருக்கு முன்னால் தன் அப்பாவின் முதல் எழுத்தைப் போடப் போய், நிறுத்திவிட்டு, என் முதல் எழுத்தைப் போட்டாள். போட்டுவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

தை பிறந்தது. அம்மா, "ஆர்டர் கைக்கு வரட்டும், ஜாம் ஜாம்னு பண்ணலாம்" என்றாள். மாசியில் அதையே சொன்னாள். பங்குனியில் ஆர்டர் வந்தது. தபால்காரர் நீட்டிய உறையை வாசலிலேயே கிழித்துப் படித்தேன். மாலைக்குள் டவுன்ஷிப்பே வந்துவிட்டது. மூன்று வருஷம் என்னைக் கண்ணால் பார்க்காத பக்கத்து பிளாக் சூப்பர்வைசர், "மாப்ளே" என்று தோளில் கை போட்டார். அடுத்த வாரமே கோவில்பட்டியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் ஜாதகங்கள் வர ஆரம்பித்தன. அம்மா என் ஜாதகத்தைப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினாள்.

அப்போதுதான் கிளை ஞாபகம் வந்தது. "கிளை வேற கிளைல போய் விழுந்தா நாளைக்கி நம்ம ஆளுவ மொகத்துல எப்படி முழிக்க?" என்றாள். பெண் கருப்பு என்றாள். கூரைவீடு என்றாள். எங்கள் வரிசையில் ஒரு வீடு, ஒரே ஒரு வீடு, "இது பாவம்" என்று சொல்லும் என்று நான் காத்திருந்தேன். யாராவது சொன்னால் நானும் சொல்லலாம் என்று இருந்தேன். குழாயடியில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். "அந்தக் கெழவனுக்கு ஏதாவது குடுத்து அனுப்பிருங்க" என்றார்கள். "பெர்மனெண்ட் பையன கூரவீட்ல கொண்டு போய்த் தள்ளுவாளா ஒருத்தி?" என்று அம்மாவுக்காகப் பரிந்து பேசினார்கள். ஒரு மாதம் தலைகுனிந்து நடந்த அந்தப் பழைய அம்மாள் இதே வரிசையில் இருந்தவள் என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

சேதி கேட்டு அவர் சைக்கிளில் வந்தார். கூடத்தில் புது நாற்காலி இருந்தது. அவர் உட்காரவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, வாசலில் சைக்கிளைப் பார்த்ததும் பின்பக்க வழியாக வந்து குழாயடியிலேயே வெகுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கூடம் வரை கேட்டது.

அம்மா பேசியதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "தம்பிய ஒரு வார்த்த கேட்டுகினு போயிடறேங்க" என்றார்.

நான் அறையிலிருந்து வந்தேன்.

"ஒங்க அம்மா சொல்றதுதான் ஒங்க பேச்சுங்களா தம்பி?"

"அம்மா சொல்றதுதான் மாமா."

அவரை நான் மாமா என்று கூப்பிட்டது அதுவே கடைசி. அவர் தோள்துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். "அப்ப எழுதுனதயாவது மாத்தி எழுதிக் குடுத்துடுங்க. ஊர்ல எல்லாருக்கும் தெரியுது, எம் பொண்ணு ஒங்க பொண்டாட்டின்னு ஆபீஸ்ல எழுதிக் கெடக்குது. எவன் வருவான் அவளக் கட்ட?"

மாற்றி எழுதினால் வேலை போய்விடும். அவர் புகார் செய்தால் பொய்ச் சான்று கொடுத்த குற்றத்துக்கு அவரேதான் முதலில் உள்ளே போக வேண்டும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தபோது தெரிந்துவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் அழவில்லை. பொய் எதற்கு, அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

வைகாசியில் எனக்குக் கல்யாணம். தென்காசிப் பெண். ஸ்கூட்டர், பீரோ, கட்டில், எல்லாம் வந்தது. என் மாமனாரிடம் ஒரு விஷயத்தை மட்டும் அப்பா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஆபீஸில் மனைவி பெயர் என்று வேறொரு பெயர் இருக்கிறது, இனி உங்கள் மகள் அங்கே அந்தப் பெயரில்தான் இருக்க வேண்டும் என்றார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஆபீஸ் பேருதான, இருந்துட்டுப் போட்டும். வேல பெர்மனெண்ட்தான?" என்றார்.

ஆக, கம்பெனி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கக் கொடுக்கும் குடும்ப மெடிக்கல் புத்தகத்தில் என் மனைவியின் பெயருக்குப் பதிலாக அந்தப் பெண்ணின் பெயர் ஏறியது. அப்போது அதில் போட்டோ ஒட்டுவதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். முதல் தடவை என் மனைவி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் முழங்கையால் இடித்தேன். எழுந்து போனாள். அடுத்த தடவையிலிருந்து இடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை வீட்டுக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, "சார்" என்று கூப்பிட்டார்.

நான் வெளியே போனேன். "என்ன பெரியவரே?" என்றேன். என் வாயில் அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மகளுக்கு வயிற்றில் கட்டி. வலியில் துடிக்கிறாள். சீக்கிரமாக ஆபரேஷன் பண்ணினால் கட்டியை மட்டும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் ஒருவர் சொல்லியிருக்கிறார். தனியார் ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. கடலூர் பெரியாஸ்பத்திரியில் கூட்டம், காத்திருக்க வேண்டும். டவுன்ஷிப் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. மெடிக்கல் புத்தகத்தை ஒரு பத்து நாளைக்குத் தர வேண்டும் என்று கேட்டார்.

"அது எப்படிங்க முடியும்? வெளியாள் பேர்ல பார்த்தா எனக்கு வேலை போயிடும்" என்றேன்.

"வெளியாள் பேரு இல்லீங்க சார். அவ பேருதான் அதுல இருக்குது." கை கூப்பவில்லை, கெஞ்சவில்லை. நியாயத்தைத்தான் சொன்னார். "அவ பேர்ல அவளுக்கு ஒரு வைத்தியம் பாக்க முடியாதுங்களா?"

நான் என் மனைவியைச் சாக்குச் சொன்னேன். அவள் ஏழு மாதம். "வீட்ல மாசமா இருக்காங்க. வாராவாரம் செக்கப் இருக்கு. புக் வேணும்" என்றேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி ஸ்கூட்டரை எடுத்தேன். அன்று எனக்கு ஷிப்ட் இல்லை. அவருடைய மருமகன் என்று எழுதியதால் கிடைத்த வேலையில் வாங்கிய பெட்ரோலை ஊற்றிக்கொண்டு, டவுன்ஷிப் தெருக்களில் ஒரு மணி நேரம் சும்மா சுற்றினேன்.

ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருந்த என் மனைவி, "குடுத்திருக்கலாம். எனக்கு வெளியில பாத்துக்கிட்டிருக்கலாம்" என்றாள். நான் கத்தினேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் செக்கப்புக்குப் போக வேண்டியிருந்தது, பேசினாள்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறப்புப் பதிவில் தாய் பெயர் என்ற இடத்தில் நர்ஸ் புத்தகத்தைப் பார்த்து அந்தப் பெயரை எழுதினாள். சில மாதங்கள் கழித்து, அந்தப் பெண்ணின் ஊரிலிருந்து வரும் கான்ட்ராக்ட் ஆள் ஒருவன் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே அவள் சேதியைச் சொன்னான். கடலூரில் முறை வருவதற்குள் கட்டி பெரிதாகி, கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்களாம். உயிர் பிழைத்துவிட்டாளாம். "இனிமே அதுக்கு எங்க ஆவப்போவுது கல்யாணம்" என்றான். அந்தக் கதையில் வரும் மருமகன் நான்தான் என்று அவனுக்குத் தெரியாது. டீக்குக் காசு நானே கொடுத்தேன்.

அப்பா ரிட்டயர் ஆனார். நான் கொஞ்சம் பெரிய குவார்ட்டர்ஸுக்கு மாறினேன். கோயில் விழாக் கமிட்டியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மேடையில் என்னை "ஒழுக்கமான குடும்பம்" என்று ஒருவர் புகழ்ந்தார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். அந்த மாதிரி நேரங்களில் மனச்சாட்சி உறுத்தும் என்று படித்திருக்கிறேன். எனக்கு மாலையின் ஈரம்தான் உறுத்தியது. வசதி என்பது இப்படித்தான் வேலை செய்கிறது. நமக்குக் கெட்டவனாகிவிட்டோம் என்ற நினைப்பே வருவதில்லை. சுற்றியிருக்கிற அத்தனை பேரும் நம்மை நல்லவன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

மகளுக்கு ஐந்து வயதானபோது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். ஒரு வாரமாக வீட்டில் பயிற்சி. பெயர் என்ன, அப்பா என்ன வேலை, அம்மா பெயர் என்ன. அம்மா பெயர் என்று கேட்டால் வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லக் கூடாது, இந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். குழந்தை இரண்டு மூன்று தடவை தப்பாகச் சொன்னாள். ஒருமுறை தொடையில் கிள்ளினேன். அதற்குப் பிறகு தப்பவில்லை. அன்று காலையில் என் மனைவி தலைவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

வராந்தாவில் மேஜை போட்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் கான்ட்ராக்ட் பெண் ஒருத்தி நீலப் புடவையில், குனிந்து பெருக்கிக்கொண்டு வந்தாள். கான்ட்ராக்ட் ஆட்களின் முகத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. காலைத் தூக்கி வழிவிட்டேன்.

டீச்சர் கேட்டார். குழந்தை தன் பெயரைச் சொன்னாள். என் வேலையைச் சொன்னாள். "அம்மா பேர் என்னம்மா?" என்றதும், கையைக் கட்டிக்கொண்டு, கிள்ளு வாங்கிக் கற்றுக்கொண்ட அந்தப் பெயரை, என் முதல் எழுத்தோடு சேர்த்து, கணீரென்று சொன்னாள்.

பின்னால் துடைப்பச் சத்தம் நின்றது.

நான் திரும்பினேன். அவள்தான். மெலிந்திருந்தாள். முன்தலையில் நரை. என்னைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். குழந்தையின் தலை முதல் கால்வரை, ஷூ வரை, நிதானமாகப் பார்த்தாள். கத்துவாள், டீச்சரிடம் சொல்லிவிடுவாள், வேலை போய்விடும் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நேரத்திலும் எனக்கு வேலைதான் தோன்றியது.

அவள் கத்தவில்லை. துடைப்பத்தைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, "பேர நல்லா சொல்லிக் குடுத்து இட்டுகினு வந்துருக்கீங்க" என்றாள்.

தன்னைத்தான் பாராட்டுகிறாள் என்று நினைத்த என் மகள், அதற்கும் நான் சொல்லிக் கொடுத்திருந்தபடி, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள்.